இஸ்கந்தருக்கு ஒரு தங்கை

லட்லோ
19 ஏப்ரல் 1814

பழி வாங்கப் புறப்பட்டுப் போன ஆம்ப்ரோஸ் அண்ணாவுக்கு,

வரும்போது எனக்கு ஒரு பச்சை ரிப்பனும் வாங்கி வா. வாங்குவது என்று இறங்கிவிட்டாய், இரண்டாக வாங்கு.

கடிதம் என்றால் நன்றியில்தான் தொடங்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். ஆகவே நன்றிகள். கணப்புக்குப் பக்கத்து நாற்காலியை எனக்கு விட்டுப் போனதற்கு நன்றி. ஈஸ்டர் ஆட்டுக்கறியில் உன் பங்கை விட்டுப் போனதற்கு அதைவிடப் பெரிய நன்றி. ஈஸ்டர் அன்று காலை தேவாலயத்தில் நீ செய்த காரியத்துக்கோ எல்லாவற்றிலும் பெரிய நன்றி. பிறந்து பதினாறு வருஷத்தில் ஒரு பிரசங்கம் முழுக்க நான் விழித்திருந்தது அன்றுதான்.

நீ வெளியேறிவிட்டதால் மீதியைப் பார்க்கவில்லை. பாதிரியார் என்ன படித்தார்? "எட்வர்ட் டாரன்ட்டுக்கும் லவீனியா ஆர்மிட்டேஜுக்கும் திருமணம், இது முதல் அறிவிப்பு, தடை உண்டென்று அறிந்தவர் சொல்லலாம்." நெட்டுக்கு எட்வர்ட் என்று முழுப்பெயர் இருப்பதையே நான் மறந்திருந்தேன். அந்த வியப்பிலிருந்து மீளும் முன் நீ எழுந்து நின்றாய். கறுப்பு மேலங்கியைத் தோளில் வீசிக்கொண்டாய். அது அடுத்த வரிசைத் தாத்தாவின் தொப்பியைத் தட்டிவிட்டது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க நீ முழங்கினாய்:

அலைமேலே பிறைநடுங்கும், என் உறையில் வாள் உறங்காது!
மலர்பறித்த கைஒன்று மண்ணறியும் நாள் தொலையாது!

போய்விட்டாய். கதவு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. பாதிரியார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். கோயில் எழுத்தர் பக்கம் குனிந்தார்.

"இது தடையாப்பா?"

"தடைன்னா ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கணும், இல்ல ரத்தசொந்தமா இருக்கணும் ஐயா. பிறை, வாளுக்கெல்லாம் புஸ்தகத்துல இடமில்ல."

"அப்ப மேல படிக்கட்டா?"

"படிங்க."

வெளியே வந்ததும் நெட் என்னைப் பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் கவலை. "உங்க அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா ஹெப்ஸி?"

"பாஸ்போரஸ் ஏறிடுச்சு."

"அது என்ன, காய்ச்சலா?"

"கடல்."

"கடலா? அவன் குளத்துலயே காலை நனைக்க மாட்டானே."

அண்ணா, அவனுக்கு ஒன்றும் தெரியாது. நீ லவீனியாவை நினைத்துக்கொண்டிருந்தாய் என்பது இந்த ஊரில் எனக்கும் நம் வீட்டுப் பூனைக்கும் மட்டும்தான் தெரியும். பூனைக்கு நீதான் சொன்னாய், ஒட்டுக்கேட்டு எனக்கும் தெரிந்தது. நேற்று லவீனியாவிடம் பட்டும் படாமல் கேட்டேன். "அண்ணா உங்ககிட்ட ஆப்பிள் தோட்டத்துல என்னமோ சொன்னாராமே?"

"சொல்லலியே. 'பாஸ்போரஸின் பழி'ங்கற காவியத்துல ரெண்டாம் காண்டம் முழுக்க வாசிச்சார். நல்லா வாசிச்சார். முடிச்சிட்டு, 'உங்க பதில் என்ன?'ன்னார். 'அந்தக் குதிரை செத்ததுதான் பாவமா இருக்கு'ன்னேன். ஏன் அவர் மூஞ்சி அப்படிப் போச்சு?"

நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை. அது உன் பேச்சு, நீதான் பேச வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரு காண்டம் காதல் வாசித்தால் அது கேட்டதாகிவிடுமா? நெட் மார்ச் மாதம் அவள் வீட்டு அடுக்களை வாசலில் சேற்றுக் காலணியோடு நின்று, "என்னைக் கட்டிக்கிறியா?" என்றானாம். நாலு வார்த்தைகூட இல்லை. ஒரு பிறைகூட இல்லை.

இன்றும் மணியோசை ஓயவில்லை. இருபது வருஷமாகப் பிரான்சோடு நடந்த சண்டை முடிந்துவிட்டதாம். ஜன்னல்தோறும் விளக்கு. ஐரோப்பா முழுதும் வாளை உறையில் போடுகிற வாரத்தில் நீ மட்டும் உருவிக்கொண்டு நிற்கிறாய்.

அப்புறம், உனக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். போன டிசம்பரில் எனக்குக் காய்ச்சல் கண்டபோது டீம் ஆறு பாலத்துக்கு மேலே ஓடியது. குதிரையை நீந்தவிட்டு அக்கரையிலிருந்து வைத்தியரைக் கூட்டிவந்தவன் நெட். அறைக்குள் வரக்கூடாது என்று வைத்தியர் தடுத்த பிறகு, விடிய விடியக் கதவிடுக்கில் வாயை வைத்து எனக்குக் கதை வாசித்தவன் நீ. நான் உயிரோடு இருந்து உன்னைக் கேலி செய்கிறேன் என்றால் அதற்கு நீங்கள் இரண்டு பேருமே பொறுப்பு. ஒருவரை ஒருவர் குறைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமையில்லை.

வீரத்தோடு போனாய், அன்றைய மழைக்கு ஈரத்தோடுதான் போய்ச் சேர்ந்திருப்பாய். காலுறை மாற்று.

ஹெப்ஸி


பிரிஸ்டல்
23 ஏப்ரல் 1814

ஹெப்ஸிபா,

உன் கடிதத்தை மூன்றாவது பத்தியில் நிறுத்தினேன். பிறகு மனம் கேளாமல் படித்து முடித்தேன். எரிமலையின் வாயில் நின்று கடலை வறுப்பவள் நீ.

நான் மாறிவிட்டேன். இங்கே சட்ட அலுவலகத்தில் பத்திரங்களைப் பிரதி எடுக்கும் கை ஒன்று. இரவில் வேறொன்றை எழுதும் கை ஒன்று. கிழக்குத் தேசத்து வீரர்களைப் போல் சோறும் காப்பியும் மட்டுமே உண்கிறேன். வீட்டுக்காரம்மாவுக்குச் சோறு வைக்கத் தெரியவில்லை. தினமும் பாலும் சர்க்கரையும் ஜாதிக்காயும் போட்டுக் குழைத்துவிடுகிறாள். "பச்சத் தண்ணியில வேகவெச்சு உப்புப் போட்டா போதும்" என்றால், "ஐயோ பாவம், தாயில்லாப் பிள்ளைங்க மாதிரி பேசறீங்களே" என்று இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போடுகிறாள்.

சிரிக்காதே. இனி நான் எழுதப் போவது சிரிப்பதற்கல்ல. அம்மாவிடம் ஒரு சொல் போனால் எனக்குத் தங்கை இல்லை.

டாரன்ட் தன் கால்வாய் அளவை வேலையாக மே பத்தாம் தேதி இங்கே இருப்பான். அன்று விடியலில் டர்டம் மேட்டில் சந்திக்க அழைத்திருக்கிறேன். ஓலை போய்விட்டது. செய்யுளில் எழுதினேன், இந்த உணர்ச்சியை உரைநடை தாங்காது. துப்பாக்கிகள் இரண்டு இரவல் கிடைத்திருக்கின்றன. சக குமாஸ்தா ஒருவன் சாட்சியாக வருகிறான்.

அவள் என் நிலவு. அவன் என் நண்பன். நண்பன் என்பதால்தான் இது பழி. அந்நியன் என்றால் வெறும் நஷ்டம்.

உன்னிடம் ஒரே உதவி கேட்கிறேன். காவியத்தின் நான்காம் பதிப்பு வந்துவிட்டதாகவும், கடைசிக் காண்டத்தில் கவிஞர் புதிய வரிகள் சேர்த்திருப்பதாகவும் இங்கே பேச்சு. தன் காதலி மெஹ்ருவைப் பறித்தவன்மேல் இஸ்கந்தர் வாளை ஓங்கும் இடத்தில் என் பிரதி நின்றுவிடுகிறது. பிறகு என்ன செய்கிறான்? மூன்றாம் பதிப்பில் வெறும் நட்சத்திரக் குறிகள். உங்கள் வாசிப்புச் சங்கத்துக்குப் புத்தகம் வந்திருக்கும். புதிய வரிகளை எழுத்தெழுத்தாகப் பிரதி செய்து அனுப்பு. ஒரு காற்புள்ளி தவறக்கூடாது. இஸ்கந்தர் செய்வதையே நானும் செய்வேன்.

அ.


லட்லோ
28 ஏப்ரல் 1814

காப்பியம் படித்துக் காப்பியும் குடிக்கும் அண்ணாவுக்கு,

வேலை கொடுத்ததற்கு நன்றி. நம்பிக் கொடுத்ததற்கு ரெண்டு மடங்கு நன்றி.

சங்கத்துப் புத்தகம் புரோதரோ அம்மாளின் வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வீட்டில் எட்டு நாள் என்று விதி. அந்த அம்மாள் வீட்டில் மட்டும் எட்டு நாளுக்கு ஒரு மாதம். முதல் பக்கத்தில் ஒரு திரைச்சீலை வருகிறதாம், அதே மாதிரி துணி லட்லோவில் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். இருந்தாலும் வரிகளை எப்படியோ பெற்றுவிட்டேன். எப்படி என்று கேட்காதே, விரலெல்லாம் மை. அழுத்தம் திருத்தமாகப் பிரதி எடுத்தேன். காற்புள்ளிகள் எல்லாம் கவிஞருடையவை. பிழை இருந்தால் என்னுடையது. அழகு இருந்தாலும், யோசித்துப் பார்.

இந்தக் கவிஞர் பதிப்புக்குப் பதிப்பு வரி சேர்க்கிறார், அம்மா என் பாவாடைக்கு வருஷா வருஷம் மடிப்பு விடுகிற மாதிரி. ஆகவே புதிதாக ஏதாவது முளைத்தால் ஆச்சரியப்படாதே. உதாரணமாக, இஸ்கந்தருக்கு ஒரு தங்கை இருப்பது எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

உயர்ந்தது வாள். எதிர்நின்றான் ஒருசொல்லும் சொல்லாதான்.
பெயர்ந்தது கார்முகில். நிலவில் பழையமுகம் தெரிந்தது:
வெள்ளத்தில் பாலம் முழுகியநாள் விரிபுனலில் பரிநீந்த
உள்ளத்தில் அச்சமின்றி அக்கரைபோய், இஸ்கந்தர்
தங்கைக்கு மருந்துகொண்டு தந்தமுகம்! மூக்கின்மேல்
அங்கங்கே அம்மைவடு! நீர்க்கோழி கூவிற்று.

கடல்நுரையில் மெஹ்ருவின் குரல்: "எனக்காக என்கின்றாய்;
ஒருதரமும் என்னைநீ கேட்டதுண்டோ? உன்பாட்டில்
நிலவானேன், மலரானேன், மானானேன், மதுவானேன்;
ஒருநாளும் மெஹ்ருவாய் நான்இருந்த தில்லையே.
பழிமுடித்து வீடடைவாய். கதவுதட்டி நின்றிடுவாய்.
திறப்பவள்உன் தங்கை. உன் கையைத்தான் முதல்பார்ப்பாள்."

இவ்வளவுதான். அதற்குப் பிறகு வாள் என்ன ஆனது என்று கவிஞர் சொல்லவில்லை. அவருக்கு மை தீர்ந்திருக்கலாம், எனக்குத் தீர்ந்துவிட்டது.

இஸ்கந்தர் செய்வதையே செய்வேன் என்றாய். சொன்ன சொல் மாறாதவன் நீ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன்.

ஹெப்ஸி


பிரிஸ்டல்
3 மே 1814

ஹெப்ஸிபா குவில்லியம்,

நான்காம் பதிப்பு இங்கே கடைக்கு வந்துவிட்டது. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே வாங்கிவிட்டேன்.

பாஸ்போரஸ் உப்புக் கடல். அதன்மேல் பாலம் கிடையாது. நீர்க்கோழி கிடையாது. ஆயிரத்து இருநூறு வரிகளில் எங்கும் இஸ்கந்தருக்குத் தங்கை கிடையாது. எதிரியின் மூக்கில் அம்மைவடு கிடையாது. அது நெட் டாரன்ட்டின் மூக்கு. கவிஞர் சேர்த்த நாற்பது வரிகளும் ஒரு சாபம். வானமும் மண்ணும் அதிரும் சாபம். முடிவில் வாள் இறங்குகிறது.

நீ என்னைக் கேலி செய்யலாம். என் சோற்றை, என் மேலங்கியை, என் குரலைக் கேலி செய்யலாம். சின்ன வயதிலிருந்து சிரித்துக்கொண்டேதான் தாங்கினேன். ஆனால் என் வாழ்க்கையின் மிக மோசமான மாதத்தில், நான் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கம்பை எடுத்து அதற்குக் கோமாளித் தொப்பி மாட்டிவிட்டாய். உலகத்தில் இரண்டு பேர் எழுத்தை நம்பியிருந்தேன். ஒன்று கவிஞருடையது. மற்றது உன்னுடையது.

பத்தாம் தேதி மாறவில்லை. இனி எழுதாதே.

ஆம்ப்ரோஸ் குவில்லியம்


லட்லோ
6 மே 1814

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். பிரிக்காமல் எரித்துவிடாதே.

இதில் வேடிக்கை எதுவும் இல்லை. தேடாதே.

உன்னை ஏமாற்ற நினைத்தேன், உண்மை. உன்னைக் கேலி செய்ய நினைக்கவில்லை. முதல் ஆறு வரியை எழுதும்போது சிரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஆறு வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. அது கவிஞர் சொன்னால்தான் கேட்பாய் என்று நினைத்தேன். நான் சொன்னால் கேட்கமாட்டாய் என்று நினைத்தது என் தப்பாக இருந்தால், இப்போது நானே சொல்கிறேன். போகாதே.

அம்மாவிடம் சொல்லவில்லை. நெட் குளோஸ்டர் பக்கம் கால்வாயில் இருக்கிறான், எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. லவீனியாவிடம் சொல்லலாம் என்று அவள் வாசல்வரை போனேன். கல்யாண உடுப்புக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் ஊசியோடு சிரித்தாள். திரும்பிவிட்டேன்.

நெட் உன்னைச் சுட்டால் நான் அவனை என்ன செய்வேன்? என்னைப் பிழைக்க வைத்தவன் அவன். நீ அவனைச் சுட்டால் உன்னைப் பிடித்துத் தூக்கில் போடுவார்கள், அல்லது நீ கப்பலேறி ஓடுவாய். அப்போதும் நான் ஒருத்திதான் இரண்டு பேருக்காகவும் அழ வேண்டும். எனக்கு அவ்வளவு தெம்பில்லை அண்ணா.

டிசம்பரில் கதவிடுக்கில் நீ வாசித்தது எந்தக் கதை என்று எனக்கு நினைவில்லை. காய்ச்சலில் ஒரு சொல்லும் புரியவில்லை. குரல் நிற்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அது நிற்காதவரை நான் சாகமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். இதுவரை உனக்கு நன்றி சொன்னதில்லை. சொல்லிவிட்டேன்.

ஹெப்ஸி


பிரிஸ்டல்
10 மே 1814, மாலை

என் அருமை ஹெப்ஸி,

இரண்டு பேரும் இருக்கிறோம். முதலில் இதைப் படித்துவிட்டு உட்கார். பிறகு மீதியைப் படி.

உன் கடிதம் நேற்று வந்தது. பிரித்தேன். பிரித்ததற்காக என்மேல் எனக்கே கோபம் வந்தது. இருந்தும் போனேன்.

சாட்சியாக வருகிறேன் என்ற குமாஸ்தா எழவில்லை. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "நாளைக்கு வெச்சுக்கலாமே" என்றான். தனியாகவே துப்பாக்கிப் பெட்டியைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறினேன். நெட் எனக்கு முன்பே வந்து புல்லின்மேல் ஒரு துணியை விரித்து உட்கார்ந்திருந்தான். துணியின்மேல் பன்றிக்கறி அடைத்த பெரிய பணியாரம் ஒன்று. ஒரு சீசா திராட்சை மது.

"வாடா வாடா! கோழிகூட எழலியே இன்னும். ஆனா நல்ல யோசனைடா. ஊருக்கு மேல உக்காந்து சூரியன் வரதைப் பாத்துக்கிட்டே சாப்பிடறது."

"சாப்பிடறதா?"

"நீதானே எழுதின? 'கிழக்குச் சிவக்கும் வேளையில் மேட்டில் வா'ன்னு. எனக்குக் கவிதை புரியாதுன்னு உனக்குத் தெரியும். ஆனா கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா எழுதி அனுப்பியிருக்கானே நம்ம ஆம்ப்ரோஸ்னு கண்ணு கலங்கிடுச்சுடா. சட்டைப்பையிலயே வெச்சிருக்கேன், பாரு."

எடுத்துக் காட்டினான். என் அறைகூவல். மடிப்பெல்லாம் அழுக்கேறியிருந்தது. கால்வாய் வேலையாட்களுக்குக்கூடப் படித்துக் காட்டியிருக்கிறான். ரொம்ப ரசித்தார்களாம்.

நான் பெட்டியைத் திறந்தேன்.

"எதுக்குடா இது, முயலுக்கா?"

"உனக்கு."

அவன் சிரிக்கப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "நான் என்னடா செஞ்சேன்?" என்றான். ஹெப்ஸி, அந்தக் கேள்விக்காகத்தான் ஒரு மாதமாக வரிகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். ஒரு வரியும் வரவில்லை. "நான் லவீனியாவ விரும்பினேன்டா" என்றுதான் வந்தது. அதை ஒரு மனிதரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவன் கையிலிருந்த கத்தியைத் துணியின்மேல் வைத்தான்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தோட்டத்துல வாசிச்சேன்."

"வாசிச்சியா, சொன்னியா?"

"வாசிச்சேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா, கடங்காரா. தெரிஞ்சிருந்தா நான் அந்த வாசப்படியே ஏறியிருக்க மாட்டேன். இப்ப முடியாதுடா. இப்ப அவ சரின்னுட்டா. அவ இல்லாம எனக்கும் ஆகாது. உனக்குச் சுட்டாத்தான் ஆறும்னா சுடு. நான் திருப்பிச் சுட மாட்டேன். உன்னப் பாத்து எப்படிடா சுடறது?"

எழுந்து நின்றான். மடியில் இருந்த பணியாரத் துகள்களைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றான்.

நான் துப்பாக்கியை உயர்த்தினேன். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். உயர்த்தவில்லை என்று எழுதலாம், ஆனால் உயர்த்தினேன். கவிஞரின் சாபம் நாற்பது வரியும் எனக்கு மனப்பாடம். கையை நிலைநிறுத்த அதை வேண்டிக் கூப்பிட்டேன். அது வரவில்லை. வந்தது நீர்க்கோழி கூவும் இடம். அதன் பின்னாலேயே, "திறப்பவள் உன் தங்கை. உன் கையைத்தான் முதல்பார்ப்பாள்." என் கையைப் பார்த்தேன். மைக்கறை. குளிரில் நீலம் பாய்ந்த நகங்கள். இந்தக் கையோடு உன்முன் வந்து நிற்பதை நினைத்தேன். இறக்கிவிட்டேன்.

பிறகு இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. யாரோ ஒருவருடைய ஆடு வந்து பணியாரத்தைத் தின்றது. நெட், "துணிய விட்டுட்டுத் தின்னு சனியனே" என்று அதைத் திட்டினான். மலை இறங்கும்வரை பெட்டியை அவன்தான் சுமந்து வந்தான்.

ஹெப்ஸி, நான் நான்காம் பதிப்பை ஆராதித்தவன், ஆகவே இதை எளிதாகச் சொல்லவில்லை. உன் வரிகள் சிறந்தவை. முதல் ஆறு மகா மட்டம். அடுத்த ஆறு சிறந்தவை. கோமாளித் தொப்பி என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நன்றி.

கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். அது பழியில்லை. வலிக்கிறது, அவ்வளவுதான். அவர்கள் இரண்டு பேரிடமும் அந்தச் சொற்களிலேயே சொல்லிவிடு, அலங்காரம் செய்யாதே.

கடைசியாக ஒன்று. என் அலமாரியில் இருக்கும் காவியங்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன். வாளை இறக்கியவர்கள் எல்லாம் சாகிறார்கள், அல்லது மடத்தில் சேர்கிறார்கள், அல்லது நட்சத்திரக் குறிகள் வந்துவிடுகின்றன. மறுநாள் காலையில் என்ன செய்வார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. எனக்கு நாளைக்குக் காலை இருக்கிறது. உன்னால் முடிந்தால் எழுது.

உன் அண்ணன்


லட்லோ
20 மே 1814

அண்ணா, அண்ணா, அண்ணா,

உட்கார் என்றாய். உட்கார்ந்தேன். பூனைமேல் உட்கார்ந்தேன். அது இன்னும் என்னோடு பேசவில்லை.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் நான் எழுதியதையெல்லாம் கிழித்ததுதான். ஒவ்வொரு முறையும் சிரிப்பு மூட்டப் பார்த்தேன். சிரிப்பு வந்தால் அழுகையும் கூடவே வந்து தாளை நனைத்தது. உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், துப்பாக்கியை எல்லாம் தாண்டித் தாண்டி. மிஞ்சியது ஆடு மட்டும்தான். அம்மா கேட்டாள், "பிரிஸ்டல் வரைக்கும் போயி ரெண்டு பேரும் ஆட்டுக்கா பணியாரம் போட்டாங்க?" ஆமாம் என்றேன். "அந்த நெட்டுக்கு எப்பவும் இளகின மனசு" என்றாள்.

நேற்றுக் கல்யாணம் முடிந்தது. நல்ல வெயில். சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். மாலை விருந்துக்கு முன் இரண்டு பேரையும் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டு, "அண்ணா வரல. அது பழியில்ல. வலிக்குதாம், அவ்வளவுதானாம்" என்றேன். நெட் தலையை மட்டும் ஆட்டினான். லவீனியாவுக்கு அவன் மேட்டில் நடந்ததை ஏற்கெனவே சொல்லியிருந்தான்; எல்லாவற்றையும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அவள் கையிலிருந்த பூச்செண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம் ஹெப்ஸி. வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா நல்லபடியா சொல்லியிருப்பேன். குதிரையப் பத்திப் பேசியிருக்க மாட்டேன்."

உனக்கு இது ஆறுதலா, இல்லையா, எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதால் எழுதுகிறேன். நீ கேட்ட மாதிரியே அலங்காரம் இல்லாமல்.

அவள் உள்ளே போனதும் நெட்டைச் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். பேசத் தொடங்கினால் வழக்கம்போல் மூக்கைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. "நன்றி நெட்" என்றேன்.

"எதுக்கு?"

"திருப்பிச் சுட மாட்டேன்னு சொன்னியாமே."

அவன் காதுவரை சிவந்துபோனான். "அது என்ன பெரிய விஷயம். அவன் சுட்டிருந்தாக்கூட எம்மேல படாது. ஆம்ப்ரோஸ் குறி எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல கொட்டகையக் குறிபாத்து வானத்துல கல்லெறிஞ்சவன்." அப்புறம் கொஞ்சம் நின்று, "எப்ப வருவான்?" என்று கேட்டான். கல்யாண மாப்பிள்ளை, வாசலில் ஊரே காத்துக்கொண்டிருக்க, அதைத்தான் கேட்டான். வலி தீர்ந்ததும் வருவான் என்றேன். "மெதுவா வரட்டும். ஆனா வரட்டும்" என்றான்.

ஆகவே மெதுவாக வா. ஆனால் வா.

நீ கேட்ட வரிகளைப் பற்றி. மறுநாள் காலைக்கு வேண்டும் என்றாய், அதற்குள் பத்துக் காலை போய்விட்டது. நீயே ஒவ்வொன்றையும் எப்படியோ கடந்திருக்கிறாய். அது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். சாபத்துக்கு எதுகை எளிதாகக் கிடைக்கிறது, ரொட்டிக்குக் கிடைப்பதில்லை. அதனால் எதுகையை விட்டுவிட்டேன். இந்த முறை கவிஞர் பெயரை இரவல் வாங்கவில்லை. கீழே என் பெயரைப் போட்டுக்கொள். பிடிக்காவிட்டால் பூனையின் பெயரைப் போடு.

விடிந்தது. வாளை இறக்கிய இஸ்கந்தர் விழித்தான்.
வலித்தது. வலிக்கட்டும் என்று காலணியை மாட்டினான்.
தெருவில் மழை விட்டிருந்தது. ரொட்டிக்காரன் கூவிப் போனான்.
யாரும் அவனுக்காக அழவில்லை. அழும்படி எதுவும் நடக்கவில்லை.
அலுவலகத்துக்கு நேரமாயிற்று. திட்டுவார்கள். திட்டட்டும்.
பாலத்தின்மேல் நின்றான். என்னவோ ஒன்று அவனுக்குள் அசைந்தது.
துயரம் என்று முதலில் நினைத்தான். காதல் என்று பிறகு நினைத்தான்.
கையை வயிற்றின்மேல் வைத்துப் பார்த்தான்.

பசி.